படகு அவன் பேரில், டிரெய்லர் என் பேரில்

டெல்பர்ட் பிப்ரவரியில் செத்தான். மார்ச் முழுக்க என் முற்றத்தில் வெறும் டிரெய்லர் நின்றது. அதன் மேல் உட்கார வேண்டிய படகு, நாலு மைலுக்கு அப்பால் அவன் கொட்டகையில் மர முட்டுகளின் மேல் கிடந்தது. குளிர்காலத்தில் எப்போதும் அப்படித்தான். அவனிடம் கூரை உண்டு, என்னிடம் கிரீஸ் அடிக்கிற சாமான் உண்டு. படகு அங்கே நனையாமல் தூங்கும். நான் இங்கே சக்கரங்களுக்கு கிரீஸ் போட்டு, பின்விளக்கு எரிகிறதா என்று பார்த்து, மார்ச் பிறந்ததும் டிரெய்லரை இழுத்துக்கொண்டு போய் அதன் அடியில் நுழைப்பேன். இந்த வருஷமும் கிரீஸ் போட்டேன். போட்டுவிட்டு எங்கே கொண்டுபோவது என்றுதான் தெரியவில்லை.

ஊரில் எங்கள் இரண்டு பேரையும் ஒரே ஆளாகத்தான் எண்ணுவார்கள். அவன் பள்ளிப் பேருந்து ஓட்டினான். நான், ராய்ஸ், காகித ஆலையில் உத்தியோகம் பார்த்து ஓய்ந்தவன். கிழக்கு டெக்ஸாஸில் பைன் மரத்துக்கும் ஏரிக்கும் நடுவே பிறந்தவனுக்கு சனிக்கிழமை என்றால் மீன் பிடிப்பதுதான், வேறு யோசனை வராது. என் மனைவி நார்மா துல்சாவில் இருக்கிற அக்கா வீட்டுக்கு ஒரு வாரம் என்று சொல்லிவிட்டுப் போனாள். போனவள் போனவள்தான். பிள்ளை குட்டி இல்லை. எனக்கு இருந்தது சனிக்கிழமை, அதைவிட்டால் டெல்பர்ட்.

அந்தப் படகை ஓய்வு பெற்ற பாதிரியார் ஒருவரிடம் ஆளுக்குப் பாதி போட்டு வாங்கினோம். பதினாறு அடி அலுமினியம், ஒரு பழைய எஞ்சின், துருப்பிடித்த டிரெய்லர். வாங்கிய கையோடு பேர் மாற்ற கவுண்டி அலுவலகத்துக்குப் போனால் அங்கே வேறு கதை. படகுக்கு ஒரு பத்திரம், எஞ்சினுக்கு ஒரு பத்திரம், டிரெய்லருக்கு இன்னொரு பத்திரம். ஒவ்வொன்றுக்கும் கட்டணம், அதற்கு மேல் வரி, அதற்கும் மேல் பதிவு. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது எங்களுக்காகவே சொன்னது. பாதிரியார் காசு வாங்கும்போது எங்களை ஆசீர்வதித்தார், இதைச் சொல்லவில்லை.

டெல்பர்ட் காகிதங்களைப் புரட்டிப் பார்த்தான்.

"ஒண்ணு செய்வோம்டா. படகும் எஞ்சினும் என் பேர்ல, டிரெய்லர் உன் பேர்ல. அவங்கவங்க செலவு அவங்கவங்களுக்கு."

"சண்டை வந்தா?"

"வந்தா நான் கொட்டகையில உட்கார்ந்து துடுப்பு போடறேன். நீ காலி டிரெய்லரை இழுத்துக்கிட்டு ஊர்வலம் போ. ஒருத்தனை விட்டு ஒருத்தன் எங்கடா போக முடியும்?"

கவுண்டருக்குப் பின்னால் ட்வைலா உட்கார்ந்திருந்தாள். பதினெட்டு வயதுப் பையனையும் எண்பது வயதுக் கிழவனையும் அவள் கண்ணு என்றுதான் கூப்பிடுவாள். "கல்யாண லைசென்ஸ் பக்கத்துக் கட்டடத்துல கண்ணுங்களா," என்றாள். அந்த வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நாங்களும் சிரித்துக்கொண்டேதான் கையெழுத்துப் போட்டோம்.

அந்த விளையாட்டு எங்களை எப்படிக் கட்டிப்போட்டது என்பது ஒரு கோடையில் தெரிந்தது. மீன் சுத்தம் செய்துகொண்டிருந்தபோது டெல்பர்ட் தலையைத் தூக்காமலே சொன்னான்.

"நார்மா போனது மீனால இல்லடா. வீட்டுக்குள்ள நீ வாயே திறக்க மாட்டே. எத்தனை நாள் அவ செவுத்தோட பேசுவா?"

நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, படகை அவன் கொட்டகையில் இறக்கினேன். காலி டிரெய்லரை இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். ஊர்வலம் போனேன் என்றும் சொல்லலாம். அந்தக் கோடை முழுக்கப் பேச்சு இல்லை. தீவனக்கடையில் எதிரே வந்தால் நான் கோழித் தீவனத்தின் விலையைப் படித்துக்கொண்டு நிற்பேன். எனக்குக் கோழி கிடையாது. கடைசியில் செப்டம்பரில் ஒரு காலை அவன் காற்றடிக்கும் பம்போடு என் வாசலில் நின்றான். "உன் டிரெய்லர் டயர்ல காத்து கம்மியா இருக்கு," என்றான். காற்று சரியாகத்தான் இருந்தது. நான் டிரெய்லரை வண்டியில் மாட்டினேன். எங்கள் சமாதானப் பேச்சு அவ்வளவுதான். எல்லாம் ஒருத்தன் பேரில் இருந்திருந்தால் அவன் வேறு துணை தேடியிருப்பான், மற்றவன் தொலைக்காட்சி வாங்கியிருப்பான். கதை அன்றே முடிந்திருக்கும்.

அதனால்தான் அவன் போன பிறகு எனக்கு அந்தப் படகு வேண்டும் என்று அப்படி ஒரு வெறி வந்தது. வேறு எதுவும் வேண்டாம், படகு மட்டும் வேண்டும். பாதிக் காசு நான் போட்டது, அத்தனை வருஷம் அதில் வெயிலில் காய்ந்தது என் முதுகு. ஆனால் சட்டத்தின் கண்ணில் எனக்கு அதில் ஒரு ஆணி கூடச் சொந்தமில்லை. அது இப்போது டெல்பர்ட்டின் ஒரே மகன் கிரெய்க்குடையது. தாய் முன்பே இறந்துவிட்டாள்.

கிரெய்க்குக்கு நாற்பது வயதிருக்கும். ஹூஸ்டனில் காப்பீட்டு நிறுவனத்தில் இருக்கிறான். வீட்டைக் காலி செய்ய வந்திருக்கிறான் என்று கேள்விப்பட்டு, டிரெய்லரையும் இழுத்துக்கொண்டு போனேன். கொட்டகையில் தூண்டில்களை எண்ணிக் கட்டிக்கொண்டிருந்தான்.

"வாங்க மிஸ்டர் ராய்ஸ்," என்றான். சின்ன வயதில் அங்கிள் என்பான். அந்த மிஸ்டர் எங்கள் நடுவே ஒரு வேலி மாதிரி நின்றது.

"படகை என்ன பண்ணப்போறே?"

"விக்கிறேன். ஒருத்தர் பார்த்துட்டுப் போயிருக்கார். நாளைக்கு வந்து எடுத்துக்கறேன்னார்."

"டிரெய்லர் என்னோடது. தெரியுமில்ல?"

"தெரியும். அவர்கிட்ட டிரெய்லர் இருக்காம்."

என் கையில் இருந்த ஒரே துருப்புச் சீட்டு அது. அதுவும் போயிற்று.

"எனக்குக் கொடுத்துடு கிரெய்க். அவர் சொன்ன விலையை நான் தர்றேன். கூடவே தர்றேன்."

அவன் கட்டிக்கொண்டிருந்த கயிற்றை விட்டான்.

"சனிக்கிழமை சனிக்கிழமை எனக்கு பேஸ்பால் ஆட்டம் இருந்துச்சு. ஞாபகம் இருக்கா உங்களுக்கு?"

"இருந்துச்சுன்னு தெரியும்."

"அப்பா எத்தனை ஆட்டத்துக்கு வந்தார்னு தெரியுமா?"

"தெரியாது." உண்மையில் தெரியாது. டெல்பர்ட் சொன்னதில்லை. நான் கேட்டதும் இல்லை.

"ஒரு தடவை நானும் வர்றேன்னு கேட்டேன். எட்டு வயசு. படகுல ரெண்டு சீட்டுதான்டா இருக்குன்னார்."

படகு அவனுக்குப் பின்னால்தான் இருந்தது. மேலே தார்ப்பாய் மூடியிருந்தது. அதில் இருக்கை மூன்று. மூன்றாவதில் நாங்கள் ஐஸ் பெட்டியை வைத்திருப்போம். நான் அதைச் சொல்லவில்லை. செத்தவனைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று இருந்தேனா, படகு கையைவிட்டுப் போய்விடும் என்று இருந்தேனா, எனக்கே தெரியாது.

கிரெய்க் களைத்தவன் மாதிரி கையை உதறினான்.

"எடுத்துக்கோங்க. காசு வேண்டாம். இதை நான் இன்னொரு தடவை பார்க்கக் கூடாது, அவ்வளவுதான். பேர் மாத்தற செலவு உங்க தலையில. நான் கையெழுத்துப் போட்டுட்டுப் போயிடுவேன்."

படகை டிரெய்லரில் ஏற்ற இரண்டு பேர் வேண்டும். நான் முன்னால் கைப்பிடியைச் சுழற்றிக் கம்பியைச் சுற்றி இழுக்க, அவன் பின்னால் தள்ளினான். இடது தோளைக் கொடுத்துத் தள்ளினான், அவன் அப்பன் தள்ளுவது மாதிரியே. யாரும் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது. எனக்குக் கை நின்றுவிட்டது. "இழுங்க," என்றான். இழுத்தேன்.

மறுநாள் கவுண்டி அலுவலகம். ட்வைலா அதே நாற்காலியில், கண்ணாடி மட்டும் தடித்திருந்தது. கிரெய்க் அப்பாவின் டிரக்கைத்தான் ஓட்டி வந்திருந்தான். டெல்பர்ட்டின் சாவிக்கொத்தை மேசையில் போட்டான். அந்தச் சத்தம் எனக்குப் பழக்கமான சத்தம். பித்தளையில் ஏதோ ஒன்று அதில் எப்போதும் கிணுகிணுக்கும்.

"படகுக்கு ஒண்ணு, எஞ்சினுக்கு ஒண்ணு," ட்வைலா காகிதங்களை அடுக்கினாள். "வாரிசுன்னு உறுதிமொழி ஒண்ணு. இங்க கையெழுத்து கிரெய்க் கண்ணு. இங்கயும். பதிவு முடிஞ்சு போயிருக்கு, அதுக்கும் சேர்த்துக் கட்டணும் ராய்ஸ் கண்ணு."

"படகே அவ்வளவு பெறாது ட்வைலா."

"பெறாததுக்கா காலையில கதவு திறக்கறதுக்கு முன்னால வந்து நிக்கிறே?"

காசோலையை எழுதினேன். கிரெய்க் டிரெய்லர் பத்திரத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, ஏன் இது மட்டும் தனியாக உங்கள் பேரில் இருக்கிறது என்று கேட்டான். ட்வைலா முந்திக்கொண்டு பழைய கதையைச் சொன்னாள். ஒருத்தனை விட்டு ஒருத்தன் போக முடியாது என்று டெல்பர்ட் சொன்னதையும் அப்படியே அவன் குரலில் சொன்னாள். அவள் சிரித்தாள். கிரெய்க் சிரிக்கவில்லை.

"நல்ல ஏற்பாடு," என்றான். சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். கையைக் கூடக் கொடுக்கவில்லை.

ட்வைலா புதுப் பதிவு ஸ்டிக்கர்களை நீட்டினாள். "படகு, எஞ்சின், டிரெய்லர், மூணும் உன் பேர்ல ஆயிடுச்சு. இனிமே நீ யாரையும் கேக்க வேண்டாம்."

நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். நான் சரி என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்து, வண்டியில் உட்கார்ந்து, வெகுநேரம் கிளப்பாமல் இருந்தேன். நினைத்ததெல்லாம் கிடைத்துவிட்டது. கிடைத்த சந்தோஷத்தைத்தான் காணோம்.

சனிக்கிழமை ஏரிக்குப் போனேன். ஏப்ரல் மாதம், கிராப்பி மீன் கரையோரம் வருகிற காலம். இரைக்கடையில் பொடிமீன் வாங்கினேன். வியன்னா சாசேஜ் டின்னும் உப்பு பிஸ்கட்டும் எடுத்துக்கொண்டேன். படகு இறக்கும் சரிவில் எனக்கு முன்னால் இரண்டு வண்டிகள். என் முறைக்காகக் காத்திருக்கும்போது டிரெய்லரை ஒரு சுற்று பார்த்தேன். டயர் சரி, கொக்கி சரி, பின்னால் கட்டியிருந்த பட்டைகளை அவிழ்த்தாயிற்று, விளக்கு வயரைக் கழற்றியாயிற்று. டிரெய்லர்காரன் செய்ய வேண்டியது ஒன்றும் பாக்கியில்லை.

இத்தனை வருஷமும் நான் வண்டியைப் பின்னால் விடுவேன், டெல்பர்ட் படகில் இருப்பான். தண்ணீர் தொட்டதும் எஞ்சினைக் கிளப்பி அவன் பாட்டுக்கு விலகிப் போய்விடுவான். இப்போது நானே வண்டியை விட்டு, நானே இறங்கி, தண்ணீர் விளிம்பில் நின்று படகைத் தள்ளி, கயிற்றைப் படகுத்துறைத் தூணில் கட்டினேன். முட்டி வலித்தது, ஆனாலும் முடிந்தது. இவ்வளவுதானா என்று ஒரு பெருமை கூட வந்தது. படகில் ஏறி எஞ்சின் பக்கம் போனேன். பூட்ஸுக்குள் சில்லென்று ஏறியது.

குனிந்து பார்த்தேன். படகுக்குள் தண்ணீர். பொடிமீன் வாளி சாய்ந்து, வாங்கிய மீன்கள் என் காலைச் சுற்றி நீந்திக்கொண்டிருந்தன.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. படகின் பின்பக்கத்தில், அடியில், கட்டைவிரல் பருமனில் ஒரு ஓட்டை உண்டு. மழைத் தண்ணீர் வடியட்டும் என்று வைத்தது. ஏரியில் இறக்குவதற்கு முன்னால் அதை அடைக்க வேண்டும். பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆனால் அது படகுக்காரன் வேலை. நான் டிரெய்லர்காரன். இத்தனை வருஷத்தில் ஒரு தடவை கூட அந்த அடைப்பை நான் கையால் தொட்டதில்லை.

எப்படியோ டிரெய்லரில் ஏற்றி, கம்பியைச் சுற்றி இழுத்து, சரிவின் மேலே கொண்டுவந்து நிறுத்தினேன். ஓட்டை வழியாகத் தண்ணீர் கொட்டியது. பளபளவென்ற பெரிய படகோடு ஒரு இளைஞன் எனக்குப் பின்னால் காத்திருந்தான். இறங்கி வந்தான். பொறுமையான பையன்தான்.

"அடைப்பு போட மறந்துட்டீங்களா சார்?"

"அது என் வேலை இல்ல," என்றேன்.

"அப்ப யார் வேலை?"

கேட்டுவிட்டு அவன் என் வண்டிக்குள் எட்டிப் பார்த்தான், இன்னொரு ஆள் இருக்கிறாரா என்று. பிறகு தொப்பியைத் தொட்டுவிட்டுத் திரும்பிப் போனான்.

வண்டியை ஓரமாக மரத்தடியில் விட்டேன். படகு முழுக்கத் தேடினேன். பெட்டியில் இல்லை, இருக்கைக்கு அடியில் இல்லை, கயிற்றுச் சுருளுக்குள் இல்லை. டெல்பர்ட் அதை எங்கே வைப்பான்? வண்டியை நிறுத்தியதும் அவன் என்ன செய்வான் என்று கண்ணை மூடி யோசித்தேன். என் பின்னாலேயே ஓட்டி வந்த தன் டிரக்கை அணைப்பான். சாவியோடு படகின் பின்பக்கம் நடப்பான். குனிவான். நிமிரும்போது சாவிக்கொத்தில் கிணுகிணுப்பு இருக்காது.

கைபேசியை எடுத்து கிரெய்க்குக்குப் போட்டேன். ரொம்ப நேரம் மணி அடித்தது.

"சொல்லுங்க மிஸ்டர் ராய்ஸ்." பின்னால் பிள்ளைகள் கத்துகிற சத்தம், யாரோ விசில் ஊதினார்கள்.

"அப்பா சாவிக்கொத்துல பித்தளையில ஒரு திருகு இருக்கா பாரு."

"இருக்கு. என்னது அது? வீட்டுல இருக்கிற பூட்டு ஒண்ணு விடாம வச்சுப் பார்த்தேன். எதுலயும் சேரல."

"படகோட அடி ஓட்டைக்கு அடைப்பு. இப்பதான் இறக்கிப் பார்த்தேன். முழுகப் பார்த்துச்சு."

"அடப்பாவமே. உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?"

"பூட்ஸ் நனைஞ்சிடுச்சு."

"கடையில கிடைக்காதா அது?"

"கிடைக்கும். இரைக்கடையிலயே இருக்கும். அஞ்சு டாலர்."

அவன் கேட்டான்: "அப்புறம் எதுக்கு எனக்கு ஃபோன் பண்ணீங்க?"

நியாயமான கேள்வி. ஒன்றுமில்லை, சும்மாதான் என்று சொல்லி வைத்துவிட்டிருக்கலாம். என் வழக்கம் அதுதான். வாயைத் திறக்காததால் ஒருத்தி துல்சாவுக்குப் போனாள். திறக்காவிட்டாலும் பரவாயில்லை என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருத்தனும் மண்ணுக்குள் போய்விட்டான்.

"தனியா இருக்கேன் கிரெய்க்," என்றேன். "அதான்."

அவன் ஃபோனை வைத்துவிடவில்லை. ஓட்டையிலிருந்து கடைசித் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"டிரெய்லரை உன் பேர்ல மாத்திடலாம்னு பார்க்கறேன்."

"எனக்கு எதுக்கு டிரெய்லர்? ஹூஸ்டன்ல நான் அடுக்குமாடியில இருக்கேன்."

"அது இங்கேயே இருக்கட்டும். கிரீஸ் நான் போட்டுக்கறேன். பேர் மட்டும் உன்னோடது. அப்பதான் உன்னைக் கேக்காம நான் ஏரிக்குப் போக முடியாது."

"சனிக்கிழமை என் பொண்ணுக்கு ஆட்டம் இருக்கு. இப்பவும் அங்கதான் நிக்கிறேன். ஒண்ணையும் நான் விடறதில்ல."

"விடாதே. ஞாயித்துக்கிழமை?"

"ஞாயிறு சர்ச்."

"சர்ச் முடிஞ்சு மத்தியானம் வா. மத்தியானம் மீன் கடிக்காது. கடிக்காட்டிப் போகுது."

அவன் மூச்சு விடுவது கேட்டது. சிரித்தானா என்று தெரியவில்லை. இதற்கு மேல் ஒன்றை மறைத்து வைத்துக்கொண்டு அவனைக் கூப்பிடுவது சரியில்லை என்று பட்டது. இதைச் சொன்னால் அவன் வைத்துவிடலாம். சொல்லாவிட்டால் அந்தப் படகில் அவனை எங்கே உட்காரச் சொல்வேன்?

"படகுல மூணு சீட்டு கிரெய்க். அப்பவும் மூணுதான். மூணாவதுல ஐஸ் பெட்டி வச்சிருந்தோம்."

அந்தப் பக்கம் விசில் ஒலித்தது. பிள்ளைகள் கத்தினார்கள், யாரோ கை தட்டினார்கள். அவன் சத்தமே இல்லை. போய்விட்டான் என்றுதான் நினைத்தேன். கைபேசியைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன், இணைப்பு அறுபடவில்லை. மறுபடி காதில் வைத்தபோது அந்தச் சாவிக்கொத்து கிணுகிணுத்தது. அவன் அதைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

"டிரெய்லருக்குப் பேர் மாத்த எவ்வளவு ஆகும்?" என்று கேட்டான்.